ஊசி போட்ட ராத்திரிக் காய்ச்சலும் பிறகு வந்த கொரோனாவும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் எந்தச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பேச்சுக் கொடுத்தாலும், கொரோனா ஊசியைப் பற்றி இரண்டு கதைகளில் ஒன்று வரும். "ஊசி போட்ட அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே செய்யல. அப்பவே மருந்து பிடிக்கலையோன்னு சந்தேகந்தான். நினைச்ச மாதிரியே ரெண்டாவது அலையில பாசிட்டிவ் ஆயிருச்சு" என்பது ஒன்று. "அடிச்சுப் போட்ட மாதிரி ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன். பட்டது பட்டாச்சு, அதுக்கப்புறம் எதுவும் அண்டல" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. ஊசி போட்ட ராத்திரி உடம்பு எவ்வளவு படுத்தியதோ, அந்த அளவுக்குப் பின்னால் பாதுகாப்பு.

சுகாதாரப் பணியாளர்களே இப்படிப் பேசுவதால்தான் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்: மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், லேப் டெக்னீஷியன், 108 ஓட்டுநர், ஆஸ்பத்திரித் தூய்மைப் பணியாளர். போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஊர் முடிவெடுத்தது அவர்களைப் பார்த்துத்தான். நர்ஸம்மாவுக்குக் காய்ச்சல் அடித்ததா, எத்தனை நாள் லீவு போட்டார், பிறகு அவருக்குக் கொரோனா வந்ததா? ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு இதைவிடப் பெரிய ஆய்வறிக்கை தேவைப்படவில்லை.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. அம்மை குத்திய காலத்தில் அது முழு உண்மையாகவே இருந்தது. பெரியம்மைத் தடுப்பு மருந்தில் இருந்தது உயிருள்ள வைரஸ். தோலைக் கீறி மருந்து வைத்த இடத்தில் அது பெருகி, ஒரு வாரத்தில் கொப்புளம் எழும்பி, பொருக்குத் தட்டி, கடைசியில் தழும்பாக வேண்டும். கொப்புளம் எழவில்லை என்றால் மருந்து பிடிக்கவில்லை, மறுபடி குத்துவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தனிமைப்படுத்தி, பரிசோதித்து, அம்மை குத்தித்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்த முகாமின் பெயர்தான் இருக்கிறது. கையில் தழும்போடு நடமாடும் தாத்தா பாட்டிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். உடம்பில் அடையாளம் காட்டினால்தான் மருந்து என்ற எண்ணம் அவர்கள் அனுபவத்திலிருந்து வந்தது. அதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் செல்லாது. கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிக் குரங்கிடமிருந்து எடுத்து, மனித உடலில் பெருக முடியாதபடி மாற்றிய அடினோ வைரஸ். கொரோனா வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் கூர்முனை (ஸ்பைக்) புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் அது சுமந்து வருகிறது. கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த முழுக் கொரோனா வைரஸ். உடம்பில் பெருகிக் கொப்புளம் காட்டவோ, நோயை உண்டாக்கவோ இரண்டிலும் எதுவும் இல்லை. அப்படியானால் அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

மருந்து தசைக்குள் போன சில மணி நேரத்தில், அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று அங்குள்ள காவல் செல்கள் கண்டுகொள்கின்றன. இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-6 போன்ற வேதிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை ரத்தத்தில் கலந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் கூடி, உடல் வெப்பத்தின் அளவு மேலே நகர்கிறது. குளிர் நடுக்கம், மேல்வலி, அசதி எல்லாம் இதன் வால்கள். பாராசிட்டமால் அடக்குவது இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். இது முடிய ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள்.

பாதுகாப்பைத் தரும் வேலை வேறு இடத்தில், வேறு வேகத்தில் நடக்கிறது. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பி செல், டி செல் என்னும் வெள்ளை அணுக்கள் பயிற்சி பெற்று, சரியான எதிரணுக்களை (ஆன்டிபாடி, வைரஸைப் பிடித்துத் தடுக்கும் புரதம்) தேர்ந்து, நினைவு செல்களைச் சேர்த்து வைக்க இரண்டு வாரமாவது ஆகும். நெறி கட்டினால் உண்டே தவிர அந்த வேலைக்குக் காய்ச்சலும் கிடையாது, வலியும் கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் போன்றது ஊசி ராத்திரிக் காய்ச்சல். எத்தனையாம் எண் கூண்டு ஏறியது என்பதை வைத்து, கரையில் படகுகளை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இல்லை

2021 ஜனவரி கடைசியில், ஊசி போட்டுக்கொண்ட சுகாதாரப் பணியாளர்களிடம் கேரள மருத்துவர்கள் இணையவழியில் ஒரு கேட்பாய்வு நடத்தினார்கள். பதில் சொன்ன 5,396 பேரில் ஏறத்தாழ 66 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. அசதி 45 சதவீதம், மேல்வலி 44, காய்ச்சல் 34, தலைவலி 28. இதில் கவனிக்க வேண்டியது வயது. இருபதுகளில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். எண்பது தாண்டியவர்களில் 7 சதவீதம்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வயதாக ஆக நம் எதிர்ப்பாற்றலின் முதல் கூச்சல் தணிந்துவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, ஓய்வு பெறப்போகும் மருத்துவர் மறுநாள் காலை எப்போதும் போல ஓ.பி. பார்த்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

ஊசியின் வகையும் சேர்ந்துகொள்கிறது. கோவிஷீல்டில் முதல் தவணைதான் படுத்தும், இரண்டாவது பெரும்பாலும் சாதுவாகப் போய்விடும். ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் இது தலைகீழ். வளைகுடாவில் ஃபைசர் போட்டுக்கொண்ட கீழக்கரைப் பையன்களும் ஊரில் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட அவர்கள் வாப்பாமார்களும் போனில் அனுபவத்தை ஒப்பிட்டுக் குழம்பிப்போனதில் வியப்பில்லை.

இன்னொரு சங்கதி, பலருக்குப் பிடிக்காது. தடுப்பூசிச் சோதனைகளில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசிதான் போடுவார்கள். அப்படிப்பட்ட 12 சோதனைகளை, 45,380 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 35 சதவீதம் பேர் முதல் தவணைக்குப் பின் தலைவலி, அசதி என்று ஏதாவது சொல்லியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இரவுப் பணி முடித்து வந்தவருக்கு எந்த நாளும் அசதி இருக்கும். ஊசி போட்ட நாளில் அது கணக்கில் ஏறுகிறது. எதிர்பார்ப்பும் உடம்பில் வேலை செய்கிறது. ஊசி ராத்திரித் தொந்தரவை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும் என்பேன்.

சரி, தொந்தரவு கூடினால் எதிரணுவாவது கூடுகிறதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க ராணுவ மருத்துவமனைப் பணியாளர்கள் 206 பேரை ஃபைசர் ஊசிக்குப் பின் தொடர்ந்து பார்த்ததில், தொந்தரவின் கடுமைக்கும் ஒரு மாதம் கழித்து இருந்த எதிரணு அளவுக்கும் தொடர்பு தென்படவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மற்றொரு ஆய்வில், முன்பு தொற்றே வராதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, குளிர் நடுக்கம், அசதி, தலைவலி வந்தவர்களிடம் எதிரணு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. ஆக, தொடர்பே கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வைச் சேர்ந்த 928 பேரிடம் பார்த்தபோது கிடைத்த முடிவுதான் நமக்கு வேண்டியது. உடல் முழுதும் தொந்தரவு வந்தவர்களில் 99 சதவீதம் பேரிடம் எதிரணு உருவாகியிருந்தது. ஒன்றுமே வராதவர்களிடமோ கை வலி மட்டும் வந்தவர்களிடமோ 98 சதவீதம். காய்ச்சல் வந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வராதவருக்கு இல்லாமல் போய்விடவில்லை.

இதைச் சுகாதாரப் பணியாளர்கள் தங்கள் கையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி எப்போதும் இருந்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி வகைக்கு (ஹெபடைடிஸ் பி) அவர்கள் மூன்று தவணை ஊசி போட்டுக்கொள்கிறார்கள்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. கை லேசாகக் கடுப்பதோடு பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடும். ஆனால் கடைசித் தவணைக்குப் பின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலானவர்களிடம் எதிரணு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகைத் தாண்டியிருக்கும். தாண்டிவிட்டால் ஊசி குத்துக் காயம் பட்டாலும் இந்தக் காமாலைக்குப் பயமில்லை. நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த தடுப்பூசிகளில் ஒன்று, உடம்பை ஒரு வேளைகூடப் படுத்தாமல்தான் தன் வேலையைச் செய்கிறது.

கணக்கில் ஒளிந்திருக்கும் ஆள்

ஒரு தாலுகா மருத்துவமனையில் நூறு பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தவர்களை ஒரு பட்டியலிலும் வராதவர்களை மற்றொன்றிலும் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து யார் யாருக்குத் தொற்று வந்தது என்று பார்க்கிறோம். காய்ச்சல் வந்தவர்களிடம் பிற்காலத் தொற்று குறைவு என்று தெரிகிறது. உடனே, காய்ச்சல்தான் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றும்.

அந்தப் பட்டியலில் ஒருவர் ஒளிந்திருக்கிறார். 2020-இலேயே, முதல் அலையில், தெரிந்தோ தெரியாமலோ கொரோனா வந்து போனவர் அவர். அவர் உடம்பு கூர்முனைப் புரதத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஊசியில் அதை மறுபடி பார்த்ததும் பழைய பகையாளியைக் கண்டது போல் துள்ளி எழுகிறது. பிரிட்டனில் 6 லட்சத்து 27 ஆயிரம் பேர் செல்போன் செயலி வழியே தங்கள் தொந்தரவுகளைப் பதிவு செய்த ஆய்வில், முன்பு தொற்று வந்தவர்களுக்கு அஸ்ட்ராஜெனகா முதல் தவணைக்குப் பின் (நம் கோவிஷீல்டு அதே மருந்துதான்) உடல் முழுவதுமான தொந்தரவு 1.6 மடங்கு அதிகமாக இருந்தது. ஃபைசர் முதல் தவணையில் 2.9 மடங்கு. அதே ஆளுக்குத்தான் பின்னால் தொற்று வரும் வாய்ப்பும் குறைவு. பிரிட்டனின் மருத்துவமனைப் பணியாளர்களைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில், முன்பு தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து 84 சதவீதம் குறைவாக இருந்தது. பெரும்பாலும் ஊசி வருவதற்கு முன்பே எடுத்த கணக்கு அது.

ஆக, ஊசிக் காய்ச்சலையும் பிற்காலப் பாதுகாப்பையும் ஒரே கையால் தந்தது பழைய தொற்று. முன்பு தொற்று வந்ததா என்று கேட்காமல் போடும் எந்தக் கணக்கிலும் அந்தப் பெருமை காய்ச்சலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டால் மட்டும் போதாது, அறிகுறியே இல்லாமல் வந்து போனவருக்கே தெரிந்திருக்காது. ரத்தத்தில் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோவிஷீல்டு கூர்முனைப் புரதத்தை மட்டுமே காட்டுவதால், வைரஸின் உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரதத்துக்கு எதிரணு இருந்தால் அவருக்கு உண்மையான தொற்று வந்திருக்கிறது என்று பிரித்துவிடலாம். கோவாக்சினில் முழு வைரஸும் இருப்பதால் இந்த வித்தை பலிக்காது, இரண்டு எதிரணுவும் இருக்கும். இரண்டு ஊசியையும் கலந்து எழுதிய பட்டியல் என்றால் ஆரம்பத்திலேயே சிக்கல்.

கணக்கைக் கெடுக்க வேறு வழிகளும் உண்டு. ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தவர் பயந்துபோய் பி.சி.ஆர். எடுப்பார், அறிகுறி இல்லாமல் இருந்த தொற்றும் அங்கே பிடிபடும். ஒன்றும் வராதவர் எடுக்கவே மாட்டார். நாலு மாதம் கழித்துக் கேட்டால், கொரோனா வந்தவர் ஊசி போட்ட நாளை ஒரு விதமாகவும் வராதவர் வேறு விதமாகவும் நினைவுகூர்வார். இளையவர்களுக்குக் காய்ச்சலும் அதிகம், கோவிட் வார்டில் வேலையும் அதிகம். இவை ஒவ்வொன்றும் கணக்கை ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

2021 சித்திரை

இந்தக் கரையில் ஊசியும் தொற்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது அந்த ஆண்டு ஏப்ரலில். 45 வயது கடந்த எல்லோருக்கும் ஊசி என்று ஏப்ரல் 1 அன்று திறந்துவிட்டார்கள். 6-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள், ரமலான் நோன்பின் முதல் நாளும் அதுவே. 15-ஆம் தேதி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் கரையேறின. அதே 15-ஆம் தேதி சென்னையில் நடிகர் விவேக் கேமரா முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பில் சரிந்தார், 17-ஆம் தேதி காலமானார்.

பொதுச் சுகாதாரக் கண்ணோடு பார்த்தால் தடைக்காலத்தின் அந்த இரண்டு மாதம் கடற்கரைக்குக் கிடைத்த வரம். விசைப்படகுத் தொழிலாளி கரையில் இருக்கிறார். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் போகிற வருமானம் எதுவும் இல்லை. ஆனால் விவேக்கின் மரணம் ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அவருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒன்றையடுத்து ஒன்று நிகழ்ந்தது என்று அக்டோபரில் முடிவு சொன்னது. அந்த ஆறு மாத இடைவெளியில் ஊர் தன் முடிவை எடுத்துவிட்டது. இவ்வளவு பேர் அறிந்த ஒரு மரணத்தில் விசாரணை முடிவை அரையாண்டு கழித்துச் சொல்வது, என்னைக் கேட்டால், சொல்லாமல் விட்டதற்குச் சமம்.

நோன்பு வைத்திருந்த ஊர்களில் கேள்வி வேறு. ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்பதற்கு, முறியாது என்று ஆலிம்கள் பலர் விளக்கம் தந்தார்கள். செவிலியர்கள் சந்தித்த சிக்கல் அதற்கு அடுத்தது: பகலில் காய்ச்சல் அடித்தால் மாத்திரையும் தண்ணீரும் எப்படிக் கொடுப்பது? "நோன்பு திறந்துட்டு வாறோம் நர்ஸக்கா" என்று சொன்னவர்களுக்காக மாலையில் அறையைத் திறந்து வைத்திருப்பதும் எளிதாக இல்லை. கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்து பேருக்கான மருந்து. திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுதி, நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வரிசையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, இன்னும் ஆறு பேரை எதிர்பார்த்துக் குப்பியைத் திறக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும் செவிலியரை அப்போது எந்த முகாமிலும் பார்க்க முடிந்தது.

அப்படிக் காத்திருந்த கூட்டத்திலும் வைரஸ் இருந்தது. தமிழ்நாட்டில் அன்றாடத் தொற்று மே 21 அன்று 36,184-ஐத் தொட்டது. பரவியது டெல்டா. ஏப்ரல் 20-இல் ஊசி போட்டு 25-இல் பாசிட்டிவ் ஆனவர், அநேகமாக ஊசிக்கு முந்தியோ ஊசி நாளையொட்டியோ தொற்றை வாங்கியிருப்பார். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் வேண்டும் என்ற கணக்கில் அவருக்குப் பாதி நாள்கூட ஆகவில்லை. நாளடைவில் இது இரண்டாகத் திரிந்தது. "ஊசி போட்டுத்தான் வந்துச்சு" என்றார்கள் சிலர். "காய்ச்சல் வரல, அதான் கொரோனா வந்துச்சு" என்றார்கள் சிலர். கோவிஷீல்டின் இரண்டாவது தவணைக்கான இடைவெளியை மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று நீட்டியதால், ஏப்ரலில் முதல் ஊசி போட்டவர்கள் அலையின் உச்சியைப் பாதிப் பாதுகாப்போடுதான் கடந்தார்கள். டெல்டாவுக்கு எதிராக அந்த மருந்தின் ஒரு தவணை அறிகுறியுள்ள தொற்றைத் தடுத்தது 30 சதவீதம், இரண்டு தவணை 67 சதவீதம் என்று பிரிட்டன் கணக்கு சொன்னது.

இரண்டு தவணையும் முடித்திருந்த சுகாதாரப் பணியாளர்களின் நிலை வேறாக இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் பணியாளர்கள் 10,600 பேரின் கணக்கை வெளியிட்டது. இரண்டு தவணை போட்ட 7,080 பேரில் 679 பேருக்கு, அதாவது 9.6 சதவீதம் பேருக்கு, ஊசியையும் மீறித் தொற்று வந்தது. இதை மட்டும் படித்தால் ஊசி தோற்றது போலத் தெரியும். அவர்களில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 64 பேர், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 4 பேர், தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 2 பேர். போடாதவர்களோடு ஒப்பிட்டபோது தொற்று 65 சதவீதம் குறைந்திருந்தது, ஆக்சிஜன் தேவை 92 சதவீதம், தீவிர சிகிச்சை 94 சதவீதம். தமிழ்நாட்டுக் காவல் துறையின் 1,17,524 பேரிடமும் இதே சித்திரம்தான்: ஊசி போடாதவர்களில் ஆயிரத்துக்கு 1.17 மரணம், ஒரு தவணை போட்டவர்களில் 0.21, இரண்டு போட்டவர்களில் 0.06. வேலூரின் அந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ராத்திரி காய்ச்சலில் கிடந்தவர்களும் ஒன்றும் ஆகாமல் தூங்கியவர்களும் கலந்தே இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்களை மறுபடி படிக்கலாம்.

பிற்காலத் தொற்றைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு காலத்துக்கும் வைரஸின் மாற்றத்துக்கும்தான். மூக்கிலும் தொண்டையிலும் தொற்றைத் தடுக்கும் எதிரணுக்கள் மாதங்களில் வடிகின்றன. நுரையீரலைக் காக்கும் நினைவு செல்கள் அவ்வளவு சீக்கிரம் வடிவதில்லை. 2021 தொடக்கத்தில் ஊசியை முடித்தவர்கள் 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது பல மாதப் பழைய எதிரணுக்களோடு நின்றார்கள். ஒமிக்ரானோ அந்த எதிரணுக்களுக்குத் தப்பும் வகை. வார்டு வார்டாகப் பணியாளர்கள் பாசிட்டிவ் ஆனது அப்போதுதான். ஜனவரி 10 அன்று தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணை, இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆனவர்களுக்கு என்று முதலில் வரையறுத்ததும் இதையொட்டித்தான்.

காய்ச்சலைப் பிரித்தறிவது

ஊசியின் தொந்தரவு அநேகமாக முதல் நாளிலேயே தலைகாட்டி இரண்டு மூன்று நாளில் ஓயும். இருமல், மூக்கொழுகல், மணம் சுவை போவது ஊசியின் வேலை அல்ல. அவை இருந்தாலோ காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ பி.சி.ஆர். எடுக்க வேண்டும், ஊசிக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு பணிக்கு வரக் கூடாது. சுகாதாரப் பணியாளர்கள் சறுக்கக்கூடிய இடம் இதுதான். ஊசியைக் காரணம் காட்டி உண்மையான தொற்றை வார்டுக்குள் கொண்டுவருவது. கோவிஷீல்டு ஊசியால் பி.சி.ஆர். பாசிட்டிவ் ஆகாது, கோவாக்சினாலும் ஆகாது.

அபூர்வமான ஆபத்துகளும் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வாமை அதிர்ச்சி பெரும்பாலும் முதல் அரை மணியில் வரும். உட்கார வைத்துப் பார்ப்பதும் அட்ரினலினைக் கையருகே வைத்திருப்பதும் அதற்காக. கோவிஷீல்டில், ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் பாதிப்பு சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் தோன்றலாம். 2021 மே 17 அன்று தேசியக் குழு சொன்னபடி இந்தியாவில் அது பத்து லட்சம் தவணைக்கு 0.61, ஐரோப்பாவில் இதைவிடக் கூடுதலாகப் பதிவாயிற்று. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், விடாத தலைவலி, வாந்தியில்லாமலோ வாந்தியோடோ கடும் வயிற்று வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இதற்கும் முதல் நாள் ராத்திரிக் காய்ச்சலுக்கும் உறவில்லை. அன்று ஒன்றும் ஆகாதவருக்கும் வரலாம். காய்ச்சலில் கிடந்தவருக்கு வாய்ப்பு அதிகம் என்றும் கிடையாது.

பாராசிட்டமாலைக் காய்ச்சல் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், வருவதற்கு முன்பே விழுங்க வேண்டியதில்லை. குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில், காய்ச்சலுக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்தபோது சில தடுப்பூசிகளுக்கான எதிரணு குறைந்துபோவது 2009-இல் தெரியவந்தது. முன்கூட்டிப் போடாதீர்கள் என்ற அறிவுரையின் வேர் அங்கே இருக்கிறது. ஊசிக்கு முந்தின நாளே டோலோ மாத்திரை (பாராசிட்டமால்தான் அது) போட்டுக்கொண்டு வரும் பழக்கம் கொரோனா ஊசிக் காலத்தில் பரவியிருந்தது.

இந்தக் கரையில் பின்விளைவு உண்மையில் சேதப்படுத்தியது எதை என்றால், இரண்டாவது தவணையை. முதல் ஊசியில் ஒரு நாள் தொழில் போனவர் அடுத்த ஊசிக்கு வர யோசிப்பார். இரண்டாவது ஊசி அவ்வளவு படுத்தாது என்பதைச் சொல்லி அனுப்பியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். மீதிப் பாதிக்கு நாள் பார்க்க வேண்டும். ராமேசுவரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. போனால் மறுநாள் காலைதான் கரை. மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. 2021 செப்டம்பர் 12 அன்று தொடங்கிய மாபெரும் தடுப்பூசி முகாம்களை ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். அலுவலகம் போகிறவருக்கு வசதிதான். சனி போய் ஞாயிறு காலை கரையேறிய விசைப்படகுத் தொழிலாளி அன்றே ஊசி போட்டால், ராத்திரி காய்ச்சலோடு படுத்து, திங்கள் விடிந்ததும் வலையை எடுக்க வேண்டும். வியாழன் என்றால் கதை வேறு: புதன் போய் வியாழன் காலை திரும்பியவர் பகலில் ஊசி போட்டு, வெள்ளி முழுக்கப் படுத்து எழுந்து, சனிக்கிழமை கடலுக்குப் போய்விடலாம். பாசி எடுக்கும் பெண்களுக்கு அவர்கள் கடலில் இறங்காத நாள்களைப் பார்க்க வேண்டும். வார்டுப் பணியாளர்களுக்கும் இதே கணக்குத்தான்: ஒரு ஷிஃப்ட் செவிலியர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் போடாமல், வார விடுமுறைக்கு முந்தின நாளாகப் பார்த்து ஆளாளுக்குப் பிரித்துப் போட்டால் மறுநாள் வார்டு காலியாகாது.